கிழமைக்கு ஒரு 2000 ஏடி: தபாலிலயா, டப்லயா, தடிச்ச புத்தகமாவா?

போன மாசம் என்ர மருமகன் கேட்டான், "மாமா, உங்கட அந்தப் பச்சை மண்டையன்ர கொமிக்ஸை நான் வாசிக்கத் தொடங்கிறதெண்டா எதை வாங்கிறது?" எண்டு. முதல் சம்பளம் கையில வந்த சூடு. நானும் வொய்ஸ் மெசேஜில சொல்லத் தொடங்கி ஏழு நிமிசம் போய் பாதியில அறுந்துபோச்சு, சரி விடு எழுதித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். எழுதிக்கொண்டு போகேக்க இதே கேள்வியோட வேற ஆக்களும் இருப்பினம் எண்டு பட்டது, அதால எல்லாருக்குமா எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்குக் கெதியா சொல்லிடுறன். 2000 ஏடி எண்டது இங்கிலாந்தில கிழமைக்கு ஒருக்கா வாற சயன்ஸ் ஃபிக்‌ஷன் கொமிக்ஸ். முதல் இதழ்ல போட்டிருக்கிற திகதி 1977 பெப்ரவரி 26, விலை 8 பென்ஸ். அந்த நேரம் 2000ஆம் ஆண்டு எண்டா எங்கயோ தூரத்தில கிடக்கிற எதிர்காலம், புத்தகம் அதுவரைக்கும் ஓடும் எண்டு யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டினம், இப்ப பேரையும் மாத்தாம அந்த வருசத்தைத் தாண்டி கால் நூற்றாண்டாச்சு, இதழ் நம்பரும் 2400க்கு மேல போட்டுது. இதழ் எண்டு சொல்ல மாட்டினம், "புரோக்" எண்டுதான் சொல்லுவினம். ஆசிரியர் தார்க் எண்டு ஒரு பச்சை மண்டை வேற்றுக்கிரகவாசி, திருவாதிரை நட்சத்திரப் பக்கத்தால வந்தவராம். எங்கட அம்மம்மா உயிரோட இருக்கேக்க இதைச் சொன்னனான், திருவாதிரை எண்ட ஒரு சொல்லுக்காகவே அந்த மூஞ்சிக்கு ஒரு மரியாதை குடுத்தவ.

ஒரு புரோக்கில 32 பக்கம், அதுக்குள்ள பெரும்பாலும் அஞ்சு கதை, ஒவ்வொண்டும் அஞ்சாறு பக்கம், கூடுதலா எல்லாமே "அடுத்த கிழமை தொடரும்". இதை முதல்ல மண்டையில ஏத்திக்கொள்ள வேணும், ஏனெண்டா எதை வாங்கிறது எண்ட கேள்வி முழுக்க இந்த அஞ்சு கதைக் கலவையிலதான் தொங்கிக்கொண்டு நிக்குது. அஞ்சில ரெண்டு நல்லா இருக்கும், ஒண்டு பரவாயில்லை, ஒண்டு விளங்காது, ஒண்டு சரியான அறுவை. அது எந்தக் காலத்திலயும் அப்பிடித்தான். ஆனா எனக்கு அறுவையா இருக்கிறது உனக்கு உயிரா இருக்கும், அதுவும் நடக்கும்.

நான் இதுக்குள்ள வந்தது சித்தப்பாவாலதான். லண்டனில இருந்து 1994இல வந்தவர், சூட்கேசுக்க போத்தில் உடையாம இருக்க பழைய புரோக்குகளைச் சுத்திக் கொண்டு வந்தவர், எல்லாம் 1982 சொச்சத்துப் புத்தகங்கள், ஒரு முப்பது நாப்பது இருக்கும். அவர் போத்திலை எடுத்தார், நான் கடுதாசியை எடுத்தன். கசங்கினதை எல்லாம் பாயுக்குக் கீழ வைச்சு நிமித்தி, நம்பர்படி அடுக்கிப் பாத்தா நடுவில நடுவில ஓட்டை. இந்தப் புத்தகத்தின்ர பேர்போன பொலிஸ்கார ஹீரோ ஜட்ஜ் ட்ரெட்டின்ர பெரிய யுத்தக் கதை ஒண்டு, அதில ஒரு மாடிக் கட்டடத்துச் சனம் பக்கத்துக் கட்டடத்துச் சனத்தோட காரணமே இல்லாம அடிபடுது, கடைசியில பாத்தா எதிரி நாட்டு உளவாளி தண்ணியில மருந்து கலந்திருக்கிறான், அதுக்குப் பிறகு குண்டு விழத் தொடங்குது, 80 கோடி சனம் இருக்கிற நகரம் பாதியாகுது. அதை நான் 16 வயசில, செக்பொயின்ட்டில இறங்கி ஏறி ட்யூஷன் போட்டு வந்து வாசிச்சன். அதுக்கு மேல அதைப்பற்றி எழுத விருப்பமில்லை. விசயம் என்னெண்டா முடிவு இருந்த புரோக்குகள் என்னட்ட இல்லை. சித்தப்பாட்ட கேட்டன், அவருக்கு ஞாபகமில்லை, "அவன் வெண்டிருப்பானடா, ஹீரோதானே" எண்டார்.

சரி, மருமகன்ர கேள்விக்கு வாறன்.

முதல் வழி, சந்தா கட்டி ஒவ்வொரு கிழமையும் பேப்பர் புத்தகமாவே எடுப்பிக்கிறது. மனசுக்குப் பிடிச்சது எனக்கு இதுதான், அதை மறைக்கேல்ல. கவரைக் கிழிச்சு புது மையின்ர மணம் வரேக்க ஒரு புழுகம். ஒரு வருசம் அப்பிடி எடுத்தன். ஆனா திருக்கோணமலையில இருந்து அப்பிடிச் செய்யிறது எண்டா என்ன எண்டு கேளுங்கோ. கிழமைக்கு ஒண்டு எண்டது அங்கதான், இங்க வந்து சேரேக்க அது மழை மாதிரி, ஒரு மாசம் ஒண்டும் இல்லை, பிறகு ஒரே நாளில நாலு. அதுவும் ஒழுங்கில வராது. ஒருக்கா ஒரு கதையின்ர ஏழாம் அத்தியாயம் வந்து, எட்டு வந்து, ஆறு வரேல்ல, நான் பொறுமையா வாசிக்காம அலுமாரிக்க வைச்சுப் பூட்டிட்டு ரெண்டு கிழமை இருந்து, பிறகு ஏலாம எடுத்து வாசிச்சு முடிச்ச அடுத்த நாள் ஆறு வந்தது. எந்த இடத்தில நிண்டு வந்ததோ, கவர் நனைஞ்சு காஞ்சு அப்பளம் மாதிரி.

காசு இன்னொண்டு. புத்தக விலையைப் பாத்து ஏமாறக்கூடாது, 32 பக்க மெல்லிய புத்தகத்துக்கு கடல் தாண்டி வாற தபால் செலவு சேர்ந்தா கணக்கே வேற. அதுவும் பவுண்ஸில. 2022 தொடக்கத்தில ஒரு பவுண் 270 ரூபா கிட்ட நிண்டது, சில மாசத்திலயே 400ஐத் தாண்டிச்சு, சந்தா புதுப்பிக்கிற மெயில் சரியா அந்த நேரம்தான் வந்தது, நான் அதைத் திறந்தும் பாக்கேல்ல. காஸ் சிலிண்டர் லைனில நிக்கிற மனுசன் ரோபோக் கதைக்குக் காசு கட்டினா வீட்டில என்ன சொல்லுவினம்.

இன்னும் ஒண்டு இருக்கு, இதைக் கடற்கரை ஊரில இருக்கிற ஆக்கள்தான் விளங்கிக்கொள்ளுவினம். புரோக்கை நடுவில ரெண்டு ஸ்டேப்ளர் பின் அடிச்சுத்தான் பிடிச்சிருக்கு. எங்கட வீடு டச்பே பக்கம், உப்புக்காத்து ஜன்னலால நேர உள்ளுக்க. ஒரு வருசத்தில அந்தப் பின் கறள் பிடிக்கும், ரெண்டு வருசத்தில கறள் கடுதாசியில ஊறி நடுப்பக்கத்தில ரெண்டு மண்ணிறப் பொட்டு வரும், பிறகு பின் இத்து உதிர்ந்து நடுத்தாள் கையோட வரும். சித்தப்பாட புத்தகங்களுக்கு நான் ஒரு நாள் முழுக்க இருந்து ஒவ்வொரு பின்னையும் கத்தி நுனியால நிமித்திக் கழட்டி, அந்த ஓட்டையாலயே வெள்ளை நூல் போட்டுக் கட்டி, பிஸ்கட் டின்னுக்க அடுக்கி, சப்பாத்துப் பெட்டியில வாற அந்த ஈரம் உறிஞ்சிற சின்னப் பக்கெட்டுகளைச் சேர்த்துப் போட்டு வைச்சிருக்கிறன். மார்கழி மழைக்கு டின்னைத் திறக்கவே மாட்டன். இதெல்லாம் நாப்பது புத்தகத்துக்குச் செய்யலாம். வருசத்துக்கு அம்பதாக வந்து சேர்ந்தா யார் செய்யிறது?

ரெண்டாவது வழி டிஜிட்டல். புத்தகத்தின்ர சொந்தக்காரர் இப்ப ரெபெல்லியன் எண்ட கம்பெனி, ஒக்ஸ்ஃபோர்டில வீடியோ கேம் செய்யிற ஆக்கள், 2000ஆம் ஆண்டு வாங்கினவை. அவையின்ர கடையிலயே பிடிஎஃப்பாவும், சிபிஇசட் எண்ட கொமிக்ஸ் ஃபைலாவும் விக்கினம், பூட்டுக்கீட்டு ஒண்டும் இல்லாத ஃபைல், இறக்கிட்டா உன்ரதுதான், பென்டிரைவில போட்டு வைக்கலாம். இது சின்ன விசயம் இல்லை. நான் முந்தி வேற ஒரு ஆப்பில கொஞ்சம் கொமிக்ஸ் வாங்கினனான், பிறகு அந்த ஆப்பையே மாத்திப்போட்டாங்கள், வாங்கினது எங்க கிடக்கெண்டு தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு பின்னேரம் போச்சு, காசு குடுத்து வாங்கினதா வாடகைக்கு எடுத்ததா எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டு. ஃபைல் கையில இருந்தா அந்தத் தலையிடி இல்லை. புதன்கிழமை அங்க வந்தா புதன்கிழமை இங்கயும் வரும், லண்டனில இருக்கிற சித்தப்பான்ர மகனும் நானும் ஒரே நாளில ஒரே கதையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். 2022இல நாளுக்கு பத்துப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நேரம் நான் டப்லெட்டில வெளிச்சத்தைக் குறைச்சுப் போட்டு மொட்டைமாடியில படுத்திருந்து வாசிச்சது இதைத்தான்.

குறை இல்லையா எண்டா இருக்கு. ஃபோனில வாசிக்காத, சொல்லிப்போட்டன். பக்கம் பெரிய சைஸ், ஃபோனுக்கு சுருக்கினா எழுத்து எறும்பு, பெருப்பிச்சா ஒரு படத்தின்ர மூக்கை மட்டும் பாக்கலாம். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கீறின படம் வந்தா டப்பைக் குறுக்கால திருப்ப வேணும், திருப்பினா அடுத்த பக்கம் சின்னனாகும். ஒரே ஒரு விதிவிலக்கு, "ஃப்யூச்சர் ஷொக்ஸ்" எண்டு வாற நாலஞ்சு பக்கத் தனிக்கதைகள், கடைசிப் படத்தில ஒரு திருப்பம் வைச்சு முடியிறது. அதைக் கந்தளாய் பஸ்ஸில நிண்டுகொண்டே ஃபோனிலயும் வாசிக்கலாம். புது எழுத்தாளர்மாருக்குப் பரீட்சை வைக்கிற இடமும் அதுதான், அலன் மூர் மாதிரி ஆக்கள் அதில கன கதை எழுதித்தான் மேல வந்தவை.

மூண்டாவது வழி தொகுப்புப் புத்தகம். ஒரு கதையை மட்டும் எடுத்து, நடுவில மற்றக் கதை ஒண்டும் இல்லாம, தடிச்ச புத்தகமா. ட்ரெட்டுக்கு "கேஸ் ஃபைல்ஸ்" எண்டு வரிசையா போடுறாங்கள், 40 பாகத்தைத் தாண்டிட்டு. இதில ஆக்கள் விடுற பிழை முதலாம் பாகத்தில இருந்து தொடங்கிறது. தமிழ் ஆக்களுக்கு எதையும் ஒண்டில இருந்து தொடங்காட்டி நித்திரை வராது, ஆனா முதலாம் பாகம் 1977-78, அவங்களுக்கே அந்த ஆள் யாரெண்டு விளங்காத காலம், ஒரு கதை நல்லா இருக்கும் அடுத்த கதை சிறுபிள்ளைத்தனமா இருக்கும். அஞ்சாம் பாகத்தை எடு. நான் சொன்ன அந்த யுத்தக் கதை முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு, யுத்தப் பகுதி முழுக்கக் கீறினது ட்ரெட்டை முதல் முதல் உருவம் குடுத்துக் கீறின கார்லோஸ் எஸ்கேரா, ஸ்பெயின்காரர். நான் அந்தப் பாகத்தை வெள்ளவத்தையில ஒரு கூட்டாளி வீட்டில கண்டு, சாப்பிடக் கூப்பிட்டும் போகாம இருந்து வாசிச்சு, சித்தப்பா சொன்ன பதில் எவ்வளவு பிழை எண்டு தெரிஞ்சுகொண்டன். வெண்டிருப்பானடா ஹீரோதானே எண்டாரே, அவன் வெண்ட விதத்தைப் பாத்தா அந்த ரெண்டு சொல்லும் பக்கத்தில பக்கத்தில நிக்காது. முடிவைச் சொல்ல மாட்டன்.

ட்ரெட்டைப் பற்றி இதில ஒண்டு சொல்லத்தான் வேணும். கன பேர் அவனை நல்ல பொலிஸ்காரன் எண்டு நினைச்சு வாசிக்கினம். பிடிக்கிறதும் அவன், தீர்ப்புச் சொல்றதும் அவன், தண்டனை குடுக்கிறதும் அவன், அதுவும் ரோட்டில வைச்சே. அப்பிடி ஒரு ஊர் எப்பிடி இருக்கும் எண்டு பகிடியா காட்டுற கதை அது, பகிடி எண்டு தெரியாமலே வாசிச்சிட்டுப் போகலாம் எண்டதுதான் அதின்ர கெட்டித்தனமும் ஆபத்தும். ஹெல்மெட்டைக் கழட்டி முகத்தை ஒருநாளும் ஒழுங்கா காட்ட மாட்டாங்கள். எங்கட ஊர் ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். இன்னொண்டு, எங்களுக்கு ஒரு வருசம் போனா கதையிலயும் ஒரு வருசம் போகும், கதை எங்களுக்கு 122 வருசம் முன்னுக்கு ஓடுது, ட்ரெட்டும் சேர்ந்து கிழவனாகிறான். 16 வயசில நான் பாத்த ஆள் இப்ப என்னைப் போல முழங்கால் நோவோட நிக்கிறான் எண்டேக்க அது வேற ஒரு கொமிக்ஸிலயும் கிடைக்காத ஒட்டு.

தொகுப்பில பறிபோறது என்னெண்டா, ஒண்டு நிறம். ஆரம்பகாலத்தில நடுப்பக்கம் மட்டும் கலரில வரும், மற்றது எல்லாம் கறுப்பு வெள்ளை. கேஸ் ஃபைல்ஸின்ர முதல் பாகங்களில அந்தக் கலர்ப் பக்கத்தையும் கறுப்பு வெள்ளையாவே அடிச்சிருக்கிறாங்கள், என்ர டின்னுக்க இருக்கிற கறள் பிடிச்ச புரோக்கில சிவப்பும் மஞ்சளுமா எரியிற நகரம் அந்தப் புத்தகத்தில சாம்பல். ரெண்டாவது, ஆறு பக்கத்துக்கு ஒருக்கா வெட்டி நிப்பாட்டுற மாதிரி எழுதினதை ஒரே மூச்சில வாசிச்சா விக்கல் எடுக்கிற மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஆறு பக்கத்துக்கும் ஒரு ஆபத்து, ஒரு தப்பல். ஒரு நாளைக்கு ரெண்டு அத்தியாயம் எண்டு வைச்சு வாசிச்சா காணும்.

தொகுப்புத்தான் சரி எண்டு கண்ணை மூடிச் சொல்லக்கூடிய ஒரு கதை "ஹாலோ ஜோன்ஸ்". வேலை இல்லாத சனத்தை அடைச்சு வைச்ச இடத்தில இருந்து எப்பிடியாவது வெளிக்கிட வேணும் எண்டு நிக்கிற ஒரு சாதாரணப் பெட்டை, வீரமும் இல்லை சக்தியும் இல்லை, கடைக்குப் போய் சாமான் வாங்கிட்டு உயிரோட வீட்டை வாறதே ஒரு முழு அத்தியாயம். அலன் மூர் எழுதி இயன் கிப்சன் கீறினது, 1984இல இருந்து 86 வரைக்கும். ஒன்பது பாகம் எண்டு நினைச்சுத் தொடங்கி, கதையின்ர உரிமை யாருக்கு எண்ட பிரச்சினையில மூண்டோட நிண்டுபோச்சு. வெளிநாடு போறதுக்கு வெளிக்கிட்டு நிக்கிற எங்கட பெட்டையள் பெடியள் யாரெண்டாலும் வாசிக்க வேணும். என்ர கொப்பியைத் தங்கச்சி கனடாவுக்குக் கொண்டு போய்ட்டா, திருப்பித் தரமாட்டா, கேக்கவும் மாட்டன்.

மற்ற வழிகளைக் கெதியா சொல்றன். "ஜட்ஜ் ட்ரெட் மெகசீன்" எண்டு ஒண்டு 1990இல தொடங்கினது, இப்ப மாசத்துக்கு ஒருக்கா வருது, கட்டுரை, பேட்டி எல்லாம் இருக்கும், ட்ரெட்டின்ர உலகத்தில ஏற்கெனவே பைத்தியமான ஆக்களுக்கு, தொடங்கிற ஆளுக்கு வேண்டாம். பழைய புரோக்குகளைக் கட்டா விக்கிற ஆக்கள் இருக்கினம், சூட்கேசில கொண்டு வர ஒரு சொந்தக்காரர் இருந்தா பார், இல்லாட்டி விடு.

தமிழில வாசிக்கிறதுக்கு என்ன இருக்கு எண்டும் கேட்டவன். சுத்தி வந்தா அங்கயும் இதே வீடுதான். எங்கட அப்பாக்கள் வாசிச்ச இரும்புக்கை மாயாவி, சிவகாசி முத்து காமிக்ஸின்ர முதலாவது புத்தகமா 1972இல வந்தவர், அவர் பிறந்தது 1962இல "வேலியன்ட்" எண்ட இங்கிலாந்துக் கிழமைப் புத்தகத்தில. கரண்ட் அடிச்சா ஆள் மறைஞ்சுபோய் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில தெரியுமே, அவரேதான். அந்தப் பழைய கதைகளின்ர உரிமையும் 2018இல ரெபெல்லியன்ட கைக்கு வந்திட்டு. அதாவது மாயாவியும் ட்ரெட்டும் இப்ப ஒரே வீட்டில. இதைச் சொன்ன உடன எங்கட அப்பா, 78 வயசு, "அப்ப மாயாவிதான் மூத்தவர்" எண்டார். கிழமைப் புத்தகக் கதையை முழுப் புத்தகமா சேர்த்து வாசிக்கிற பழக்கம் எங்களுக்கு மாயாவியாலயே வந்தது எண்டும் சொல்லலாம்.

இன்னொரு ஊர்ப்பெருமையையும் இதுக்குள்ளயே சொல்லிடுறன். 2000 ஏடியின்ர முதல் புரோக்கில ஆளைப் பிடிக்கிறதுக்குப் போட்ட கதை டான் டேர், அது 1950இல "ஈகிள்" எண்ட புத்தகத்தில வந்த பழைய ஹீரோவைத் தூசு தட்டி எடுத்தது. ஈகிள்ல அந்தக் கதை தொடங்கின காலத்தில விஞ்ஞான ஆலோசனை சொன்ன ஆக்களில ஒருத்தர் ஆர்தர் சி. கிளார்க். அவர்தான் பிறகு 1956இல எங்கட கோணேசர் மலைக்குக் கீழ கடலுக்குள்ள இறங்கி பழைய கோயில்ர தூணுகளைப் பாத்தவர். சுவாமி மலையில நிண்டு கீழ தண்ணியைப் பாக்கேக்க எனக்கு இடைக்கிடை டான் டேர் ஞாபகம் வரும், பக்கத்தில நிக்கிற ஆக்கள் நான் பக்தியில நிக்கிறன் எண்டு நினைப்பினம்.

அப்ப என்ன வாங்கிறது? ஒரு கதையைத்தான் வாசிக்க ஆசை எண்டா தொகுப்பு, அதில வேற பேச்சில்லை. ஆனா மருமகன் கேட்டது கொமிக்ஸை வாசிக்க வேணும் எண்டு, அதுக்குக் கிழமைப் புத்தகம்தான், ஏனெண்டா தொகுப்பா வாறது எல்லாம் வெண்ட கதைகள், தோத்த கதைகளுக்கு நடுவில அது எப்பிடி முளைச்சுது எண்டு புரோக்கிலதான் தெரியும். யாராலயும் சிபாரிசு செய்யப்படாத ஒரு கதையில உனக்கு மட்டும் பிடிச்சுப் போறது அங்கதான் நடக்கும், தொகுப்பில நடக்காது, தொகுப்பை நீ தேடித்தானே வாங்குவாய். கிழமைப் புத்தகம் எண்டா இந்த ஊர்க் காத்துக்கும் ரூபாவுக்கும் டிஜிட்டல்தான். ஆனா கண்ட கிழமையில தொடங்காத. வருசத்தில சில புரோக்குகளில எல்லாக் கதையும் முதலாம் அத்தியாயத்தில இருந்து ஒண்டா தொடங்கும், அதை அட்டையிலயே சொல்லுவாங்கள், அதைப் பாத்து ஒண்டை மட்டும் தனியா வாங்கு. பிடிச்சா மூண்டு மாசம், பன்ரெண்டு பதின்மூண்டு புரோக். அதுக்குள்ள ஒரு கதை முழுசா முடியும். பேப்பருக்கு எண்டு ஒதுக்கிற காசில அஞ்சாம் பாகம் ஒண்டு, ஹாலோ ஜோன்ஸ் ஒண்டு. ரெண்டும் பின் அடிச்சது இல்லை, முதுகு ஒட்டினது, கறள் பிடிக்காது, பூச்சி மட்டும் பாத்துக்கொள்.

எழுதினதை அனுப்பினன். வாசிச்சானோ தெரியாது, அடுத்த நாளே மூண்டு மாசத்துக்கு டிஜிட்டல் எடுத்திட்டான், ஒண்டை மட்டும் வாங்கிப் பார் எண்டது காத்தோட போச்சு. ஃபோனிலதான் வாசிக்கிறான், அதுவும் சொன்னனான். நேத்து இரவு மெசேஜ், "மாமா நாலாவது கதை சரியான அறுவை, அதை விட்டிட்டு வாசிக்கட்டா?" எண்டு. ரெண்டாவது புரோக்தான் முடிஞ்சிருக்கு. எனக்கும் அந்தக் கதை விளங்கேல்லத்தான். ஆறாவது வரைக்கும் பாரடா எண்டு போட்டன்.